சிலுவை மாமாவுக்குப் போட்ட ஐஸ்

முட்டம்
26 ஜனவரி 2025, ஞாயிறு இரவு

அக்கா,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் அறையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் காட்டாதே. படித்து முடித்ததும் கிழித்துவிடு. இரண்டாகக் கிழித்தால் ஒட்டிப் படித்துவிடுவார்கள், பொடிப்பொடியாகக் கிழி. நான் எழுதினேன் என்று தெரிந்தால் அம்மா என்னைக் கொன்றுவிடுவாள்.

அம்மா தூங்கிவிட்டாள் என்று நினைக்கிறேன். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

அப்பா கடலில் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் நீ போன் பண்ணியபோது அம்மா ஸ்பீக்கரைப் போட்டு, "அப்பா கடலுக்குப் போயிருக்கு மக்கா, வர பத்து நாளாகும்" என்று சொன்னாளே, அது பொய். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் உனக்குத் தெரியாது. ஆனாலும் ஆட்டினேன். அப்பா குலசேகரத்தில் இருக்கிறார். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் ஓர் இடத்தில் சுமை தூக்குகிறார். வியாழக்கிழமைதான் போனார். வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து, இன்றைக்குப் பூசை முடிந்ததும் போய்விட்டார், இனி வாராவாரம் அப்படித்தான்.

முதலில் சொல்ல வேண்டியதை நான் சொல்லவே இல்லை. சிலுவை மாமா செத்துப்போனார்.

பதினேழாம் தேதி. உனக்குச் சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். "அவகிட்ட மூச்சு விடப்பிடாது, கேட்டியா? பாதியில எறிஞ்சிட்டு ஓடி வந்திருவா. அப்புறம் காலேஜிலயும் சேக்கமாட்டான், கம்பெனியிலயும் சேக்கமாட்டான்." அடக்கத்துக்கு நீ வராததை எல்லாரும் கேட்டார்கள். உனக்குப் பரீட்சை என்று சொன்னோம்.

மாமா அப்பா ஓட்டிய போட்டில்தான் போயிருந்தார். கூடப் போன பெனின் அண்ணன் அம்மாவிடம் சொன்னதை நான் அடுக்களையில் நின்று கேட்டேன். மாமா தூண்டில் இழுத்துக்கொண்டிருந்தாராம். நெஞ்சைத் தடவிவிட்டு, கட்டன்சாயா கொஞ்சம் போடு என்றாராம். சாயா கொதிப்பதற்குள் மீன் அறையின் மூடியில் சாய்ந்தபடியே போய்விட்டார். கரைக்கு வர மூன்று நாள் ஓட வேண்டும். ஐஸும் முடியும் தறுவாய், இருந்தது ஓர் அறைக்குத்தான் போதும். அந்த அறையில் கேரை மீன் கிடந்தது. முதலாளி ஆன்ட்ரூஸுக்கு சாட்டிலைட் போனில் அப்பா விஷயத்தைச் சொன்னாராம். "செத்தவனுக்கு ஐஸ் எதுக்குலே? துணியில சுத்தி, ஜெபம் சொல்லி, கடல்ல விடு. அவனுக்க வீட்டில நான் பேசிக்கிடுதேன்" என்று ஆன்ட்ரூஸ் சொன்னாராம். அப்பா போனை அணைத்துவிட்டு, பெனின் அண்ணனிடம், "மீனுக்க மேல கெடக்கிற ஐஸ அள்ளுலே. சிலுவைக்கு மேல போடு" என்றாராம்.

புயல் வருடத்தில் மாமாவின் அண்ணனைக் கடல் கொண்டுபோனது உனக்கு நினைவிருக்கிறதா? அவருடைய கல்லறையில் ஒரு சட்டையைத்தானே வைத்து மூடினார்கள். அதனால்தான் அப்பா அப்படிச் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். மாமாவின் முகம் தூங்குகிற மாதிரிதான் இருந்தது. மாமி அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "முகத்தக் காட்டித் தந்தியளே அண்ணா, முகத்தக் காட்டித் தந்தியளே" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மீனைப் புது ஐஸ் போட்டு தூத்துக்குடிக்கு ஏற்றி அனுப்பினார்கள். மறுநாளே அது வேண்டாம் என்று கம்பெனி திருப்பிவிட்டது. என்னவோ சோதனை செய்தார்களாம். துறைமுகத்தில் எல்லாரும் பார்க்க ஆன்ட்ரூஸ் அப்பாவிடமிருந்து போட்டின் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். வேறு யாரும் அப்பாவை டிரைவராகக் கூப்பிடவில்லை. "பொணத்துக்கு ஐஸ் போடுற டிரைவர்" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை ராத்திரி, அப்பா இல்லாத நேரத்தில், ஆன்ட்ரூஸ் குடித்துவிட்டு வந்து நம் வீட்டுக் கதவை உதைத்தார். இப்போது யார் தட்டினாலும் நான் அடுக்களைக்கு ஓடிவிடுகிறேன். அப்பா தட்டுவதும் நீ தட்டுவதும் மட்டும்தான் பயமில்லாத சத்தம். இரண்டு தட்டு, நிறுத்தி ஒன்று. வேறு யாரும் அப்படித் தட்டமாட்டார்கள்.

அக்கா, நீ மீன் கம்பெனியில்தானே பயிற்சியில் இருக்கிறாய்? கம்பெனிக்காரர்களுக்குள் ஒருவரையொருவர் தெரியும்தானே? இருபத்தொன்றாம் தேதி இங்கிருந்து போன லோடு. எந்தக் கம்பெனி என்று எனக்குத் தெரியாது. சோதனை தப்பு என்று ஒரு கடிதம் வாங்கித் தர முடியுமா? அதைக் காட்டினால் ஆன்ட்ரூஸ் சாவியைத் திரும்பத் தந்துவிடுவார். அப்பாவுக்கு ரப்பர் புகை ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு நாளிலேயே இருமல் வந்துவிட்டது. "ஒருத்தி படிச்சது போதும்" என்று அம்மா சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அது என்னைத்தான். எனக்கு மார்ச்சில் பரீட்சை.

பதிலை வீட்டுக்கு எழுதாதே. வழக்கம்போல, என் கூடப் படிக்கும் சபிதாவின் அப்பா கடை முகவரிக்கே எழுது.

லீமா

•

தூத்துக்குடி
26 ஜனவரி 2025

லீமா,

விடுமுறை நாள். அறையில் எல்லாரும் படம் பார்க்கப் போய்விட்டார்கள், நான் உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு நல்ல அக்கா பார்த்தாயா?

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ என்னிடம் கேட்டாய். "காலேஜில படிச்சது வேலையில ஒதவுமா? இல்ல சும்மா பேருக்கா?" அன்றைக்கு நான் பெரிய மனுஷி மாதிரி ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மையில் எனக்கே அப்போது தெரியாது. இப்போது கொஞ்சம் தெரிகிறது. போனில் சொன்னால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுவாள், பிறகு பாதித் தெருவுக்குத் தெரிந்துவிடும். உன் போனையும் பரீட்சை என்று வாங்கி வைத்துவிட்டாள். அதனால்தான் காகிதம், அதுவும் சபிதாவின் அப்பா கடை முகவரிக்கு.

காலேஜ் லேபில் நாங்கள் ஐந்து பேருக்கு ஒரு குடுவை. ஒருத்தி செய்வாள், நான்கு பேர் வேடிக்கை பார்ப்போம். எண் சரியாக வராவிட்டால் சீனியர் அக்காவின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து, வர வேண்டிய எண்ணை எழுதிவிடுவோம். மார்க் விழும். இங்கே வந்த முதல் நாளே செல்வதாஸ் சார், அவர்தான் எங்கள் லேபின் தலைவர், என் மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "நல்லாருக்கு. இத கேட்டுக்கு வெளிய வச்சிட்டு வா." இரண்டு வாரம் குடுவை கழுவினேன். பிறகு ஒரு வாரம் கம் பூட்ஸ் போட்டுக்கொண்டு குளிர் அறையில் பெட்டி எண்ணினேன். மூக்கெல்லாம் மரத்துப்போய் ராத்திரி அழுதேன், அம்மாவிடம் சொல்லாதே.

ஆனால் ஒன்று. காலேஜில் சும்மா மனப்பாடம் செய்தேனே, அதெல்லாம் வீண் இல்லை. குளிர் அறையில் நிற்கும்போது, ஐஸ் இல்லாவிட்டால் சதைக்குள் என்ன நடக்கும் என்று படித்த பக்கம் அப்படியே கண் முன்னால் வந்தது. அங்கே படம், இங்கே மீன். அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டும் வேண்டும் லீமா. நீ காலேஜுக்குப் போகத்தான் வேண்டும், அதில் சந்தேகமே வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். புதன்கிழமை எனக்கு முதல்முறையாகத் தனியாக ஒரு லாட், அதாவது ஒரு லோடு மீன், சோதிக்கக் கொடுத்தார்கள். கேரை மீன், இங்கே டூனா என்பார்கள். லேபில் எங்களுக்குப் படகின் பெயரோ ஊரோ சொல்லமாட்டார்கள், எண் மட்டும்தான். வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்கக் கூடாது இல்லையா? லாட் 118. செவுளைத் தூக்கிப் பார்த்தேன், நல்ல சிவப்பு. முகர்ந்தேன், கடல் வாசம்தான். "எப்படி இருக்கு?" என்றார் சார். "நல்லா இருக்கு சார்" என்றேன். "உங்க வீட்டுல கொழம்பு வைப்பியா?" என்றார். "வைப்பேன் சார்." "சரி, இப்ப சோதிச்சுப் பாரு."

சதையை அரைத்து, மருந்து விட்டு, கருவியில் வைத்தேன். ஹிஸ்டமின் என்று ஒன்று. மீன் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அதற்குள் உண்டாவது. வாசத்தில் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. ஒருமுறை உண்டாகிவிட்டால் பிறகு எத்தனை ஐஸ் போட்டாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்டவனுக்கு முகம் வீங்கும், மூச்சு முட்டும். எண் வரம்பைப்போல நான்கு மடங்கு வந்தது. இன்னும் இரண்டு முறை செய்தேன், அதே எண். சீனியர் நோட்டைப் பார்த்து மாற்றி எழுத அங்கே யாரும் இல்லை! 'ஏற்க இயலாது' என்று எழுதி, பரிசோதித்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். முழுப் பெயர். பிரிஜா டைட்டஸ். அப்பாவின் பெயரையும் சேர்த்துத்தான் போட்டேன்.

சார் பார்த்துவிட்டு, "ஏப்ரல் முடிஞ்சதும் எங்கயும் தேடாத, இங்கயே இருந்துக்கோ" என்றார். வேலை லீமா, வேலை! இதை அப்பாவிடம் நீ சொல்லிவிடாதே. ஈஸ்டருக்கு வரும்போது அந்தத் தாளின் நகலைக் கொண்டுவந்து நானே காட்டுவேன்.

சிலுவை மாமாவிடம் மட்டும் ஒன்று சொல். செவுள் சிவப்பாக இருந்தால் மீன் மோசம் போகாது என்று என்னிடம் பந்தயம் கட்டினாரே, தோற்றுவிட்டார் என்று சொல். செவுள் பொய் சொல்லும், பிரிஜா கண்டுபிடித்துவிட்டாள் என்று சொல். அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்து எனக்கு எழுது.

அக்கா

•

முட்டம்
29 ஜனவரி, ராத்திரி

அக்கா,

நான் ஞாயிற்றுக்கிழமை எழுதிய கடிதம் வந்தால் பிரிக்காதே. சத்தியமாகச் சொல்கிறேன், பிரிக்காதே. அதில் ஒன்றும் இல்லை. பரீட்சைப் பயத்தில் என்னவோ எழுதிவிட்டேன். அப்படியே கிழித்துப் போடு.

பிரித்துவிட்டாயானால் நம்பாதே.

உன் கடிதம் இன்றைக்குச் சாயங்காலம் கிடைத்தது. சபிதா ஓடிவந்து தந்தாள். பஸ் ஸ்டாப்பில் நின்றே படித்தேன். உனக்கு வேலை கிடைத்த இடத்தில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன், சபிதாவும் சிரித்தாள். அதற்குப் பிறகு மறுபடியும் மேலே போய் கேரை மீனையும் புதன்கிழமையையும் படித்தேன். "என்னட்டி, ஒனக்கு முகம் வெளுத்துப் போச்சு?" என்று சபிதா கேட்டாள். தலைவலி என்று சொன்னேன்.

நீ நன்றாக இருக்கிறாய்தானே? குளிர் அறைக்குப் போகும்போது காதை மூடிக்கொள். எனக்கு உயிரியல் திருப்புதல் தேர்வில் அறுபத்தொன்று. நீ எழுதிய ஹிஸ்டமின் என் புத்தகத்திலும் இருக்கிறது, ஒவ்வாமைப் பாடத்தில். இரண்டே வரி. இத்தனை நாள் அந்த இரண்டு வரியை நான் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்.

சிலுவை மாமாவிடம் சொல்லிவிட்டேன். சிரித்தார்.

அக்கா, அந்த முதல் கடிதத்தைப் பிரிக்காதே.

லீமா

•

தூத்துக்குடி
2 பிப்ரவரி, ஞாயிறு

லீமா,

பிரிக்காதே என்று நீ எழுதியது நேற்று வந்தது. மற்றது புதன்கிழமையே வந்துவிட்டது.

மாமா சிரித்தார் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தேன் தெரியுமா? உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

புதன்கிழமை மதியம் சாப்பிடப் போகவில்லை. கொள்முதல் அலுவலகத்துக்குப் போய், தேதி சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிப் பதிவேட்டைக் கேட்டேன். 118. ஆன்ட்ரூஸ், முட்டம். பக்கத்தில் படகின் எண். சின்ன வயதில் நீயும் நானும் கரையில் நின்று தூரத்திலேயே அடையாளம் பார்ப்போமே, அதே எண். அந்தப் பெண், "என்ன பிரிஜா, உங்க ஊரா?" என்றாள். ஆமாம் என்றேன். பதிவேட்டை மூடிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டை உறைய வைத்து எடுத்து வைப்போம். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு அதை எடுத்து மறுபடியும் சோதித்தேன். கருவி தப்பாக இருக்கட்டும், மருந்து பழையதாக இருக்கட்டும், என் கை தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே செய்தேன். அதே எண். நான்கு மடங்கு.

ஒரு வெள்ளைத் தாளில் 'மறுசோதனையில் அளவு வரம்புக்குள் உள்ளது' என்று எழுதிப் பார்த்தேன். எவ்வளவு சின்ன வரி லீமா. காலேஜில் இந்த மாதிரி எத்தனை வரி எழுதியிருப்பேன், வர வேண்டிய எண்ணைப் பார்த்து. அன்றைக்குக் கூச்சம்கூட இருந்ததில்லை. இப்போது பேனா நின்றுவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் எழுதியிருப்பேன். என்னை இந்த இரண்டு மாதம்தான் கெடுத்துவிட்டது. அல்லது நல்லதாக்கிவிட்டது. எனக்குத் தெரியவில்லை.

செல்வதாஸ் சாரிடம் வியாழக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ், மாமா, அப்பா, எல்லாம். டீ வரவழைத்தார், அவரும் குடிக்கவில்லை. "ரெண்டு நாள் லீவு போடுதியா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நான் கதவுவரை போன பிறகு பின்னாலிருந்து, "பிரிஜா, டெஸ்ட் கிட்டு சரியில்லன்னு ஒரு வரி எழுதி எடுத்துட்டு வந்தா நான் கீழ கையெழுத்துப் போடுவேன்னு மட்டும் நினைக்காத" என்றார். மாமாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லாததற்கு நன்றி.

நான்கு வருடம் படித்தேன். மீன் கெட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். அந்த மீனின் மேலிருந்து ஐஸை அள்ளியது உன் அப்பாவாக இருந்தால், அள்ளிய ஐஸ் உன்னைத் தோளில் தூக்கித் திரிந்த மனுஷனின் மேல் கிடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. நான் மாமாவின் அடக்கத்துக்கு வரவில்லை. அவர் மண்ணுக்குள் போன மறுநாள் அவர் தோற்றுவிட்டார் என்று தெரிந்து குதித்திருக்கிறேன். உனக்கு அதை எழுதியும் அனுப்பியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அந்தத் தாளின் நகல் மீன் கொடுத்தவருக்குப் போகும். ஆன்ட்ரூஸ் கையில் அது இருக்கும். கீழே யாருடைய பெயர் இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியுமா? போனில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அம்மாவின் குரலைக் கேட்டாலே உடைந்துவிடுவேன், அதனால் போனை அணைத்தே வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்குத் தெரியாது என்றால், வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நான் வந்து சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத் திரும்பி வரமாட்டேன். இந்தக் கருவியை இனி எந்த முகத்தோடு தொடுவேன்? சுமை தூக்குவதென்றால் நானும் தூக்குகிறேன், ரப்பர் ஷீட் எனக்கும் கனக்காது. வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை உன் பதிலுக்குக் காத்திருப்பேன். வரவில்லையென்றால் பையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.

இதையும் கிழித்துவிடு.

பிரிஜா

•

முட்டம்
7 பிப்ரவரி, வெள்ளி. பன்னிரண்டு மணி ஆகப்போகிறது

அக்கா,

சபிதாவுக்கு அம்மை போட்டிருக்கிறது. ஐந்து நாளாக அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. உன் கடிதம் கடையில் கல்லாப்பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கிறது. இன்றைக்கு அந்த வழியாக வந்தபோது அவள் அப்பா கூப்பிட்டுத் தந்தார். அவர் போனிலிருந்தே உனக்கு ஏழு முறை கூப்பிட்டேன். அணைந்திருக்கிறது. நாளைக் காலையில் மறுபடியும் கூப்பிடுவேன். நீ பஸ் ஏறியிருக்கக் கூடாது என்று ஜெபமாலை சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

அப்பாவுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

எட்டு மணிக்கு அப்பா வந்தார். இப்போது அவர் மேல் மீன் வாசமே இல்லை. வேறு யாரோ வீட்டுக்குள் வந்த மாதிரி இருக்கிறது. சட்டையைத் துவைக்கப் போட எடுத்தேன். பையில் ஒரு பிளாஸ்டிக் கவர். கடலுக்குப் போகும்போது ஆதார் அட்டையை வைப்பாரே, அந்தக் கவர். உள்ளே நான்காக மடித்த தாள். இங்கிலீஷில் என்னவெல்லாமோ. கீழே உன் கையெழுத்து, அதன் கீழே பிரிஜா டைட்டஸ் என்று அச்சில்.

"அத நனைச்சிராத. இஞ்ச தா" என்றார் அப்பா. பின்னால் நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

"அப்பா, இது அக்காவுக்க..."

"எனக்க பேர எனக்கு வாசிக்கத் தெரியாதா மக்கா?"

நான் அழுதுவிட்டேன். அம்மா அடுக்களையிலிருந்து வந்து கதவோரம் நின்றாள். அம்மாவுக்கும் தெரியும் அக்கா. எனக்கு மட்டும்தான் தெரியாது என்று அவர்கள் இரண்டு பேரும் நினைத்திருக்கிறார்கள்.

சாவியைப் பிடுங்கிய அன்றைக்கு ஆன்ட்ரூஸ் இந்தத் தாளைத்தான் அப்பாவின் முகத்தில் எறிந்திருக்கிறார். "ஏலே டைட்டஸே, கீழ ஒனக்க பேருதான் கெடக்கு, பாரு. மோளப் படிக்க வச்சது எனக்க மீனக் குழி தோண்டிப் பொதைக்கவாலே?" என்று கேட்டாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம்.

"நீங்க என்ன சொன்னீங்க அப்பா?"

"என்ன சொல்ல? குனிஞ்சு எடுத்தேன். அது எனக்க மோளுக்க கையெழுத்தாக்கும்னு சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல."

அம்மா, "சொல்லிட்டு சிரிச்சிட்டு வந்தாரு பாரு, பைத்தியம் மாதிரி" என்றாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

உன் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். தப்பா அக்கா? கிழித்துவிடு என்று நீ எழுதியிருந்தாய், ஆனால் என்னால் தனியாகத் தாங்க முடியவில்லை. அப்பா என்னை வாசிக்கச் சொன்னார். முழுவதும் வாசித்தேன். அந்தச் சின்ன வரி வந்த இடத்தில் அப்பா, "எழுதினாளா?" என்று கேட்டார். எழுதவில்லை என்றேன். "மறுபடி வாசி" என்றார். மறுபடி வாசித்தேன். அவர் மூச்சு விட்டதை நான் கேட்டேன்.

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

"மூணு நாள் ஐஸ் இல்லாம கெடந்த மீனு. போட்டில வச்சே அது ஆகாதுன்னு எனக்குத் தெரியும். செவுளு சிவப்பா இருக்கே, மணமும் ஒண்ணும் இல்லியேன்னு வாய மூடிட்டேன். அதுதான் எனக்க தப்பு. சிலுவைக்கு ஐஸ் போட்டது தப்பு இல்ல. மீன ஏத்தும்போது சொல்லாம நின்னது தப்பு. எவனுக்கோ பிள்ள அதத் தின்னிருந்தா? எனக்க மோளு பிடிச்சு நிறுத்திட்டா. அவ சரியாத்தான் எழுதியிருக்கா. அவள வரப்பிடாதுன்னு சொல்லு. பாதியில விட்டுட்டு வந்தாண்ணா எனக்க போட்டும் போச்சு, அவளுக்க படிப்பும் போச்சு. பின்ன நான் எதுக்காக்கும் அந்தப் புகையில நிக்கேன்? மாத்தி எழுதினாண்ணா, அந்தக் கையெழுத்து எனக்கு வேண்டாம். கடல்ல வீசிருவேன். சொல்லு, கேட்டியா? இப்பவே எழுது."

எழுதும்போது எதிரில் உட்கார்ந்திருக்கவா என்று கேட்டார். வேண்டாம், நீங்கள் தூங்குங்கள் என்றேன். முதல்முறையாக யாருக்கும் ஒளிக்காமல் லைட்டைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். அப்பா பாயில் படுத்திருக்கிறார். தூக்கத்திலும் இருமுகிறார். அந்தக் கவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

சோதனை தப்பு என்று கடிதம் வாங்கித் தா என்று முதலில் கேட்டது நான்தான். அதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன், என்னை மன்னித்துவிடு.

அக்கா, நீ வரக்கூடாது. மாமாவின் கல்லறைக்கு நான் தினமும் போகிறேன், உனக்கும் சேர்த்து ஒரு மெழுகுவர்த்தி கொளுத்துகிறேன். ஈஸ்டருக்கு வா. வேலையோடு வா. நீ அங்கே நின்றால்தான் அப்பா ஊரில் ஒருவர் முகத்தையாவது நேராகப் பார்ப்பார். திங்கட்கிழமை காலையில் அந்தக் கருவிக்கு முன்னால் நீ நிற்க வேண்டும். அதை மட்டும் செய்துவிடு, நான் வேறு எதுவும் கேட்க மாட்டேன். இந்தக் கடிதம் உன் கையில் வந்து சேரும்வரை தயவுசெய்து அங்கேயே

கதவில் யாரோ

இரண்டு தட்டு. நின்று, ஒன்று.

அப்பா உள்ளேதான் தூங்குகிறார். அக்கா, நீ